மழுக்கி

முந்நூறு மீட்டர் ஆழத்தில் தங்கி வேலை செய்கிறவர்கள் நாம் சுவாசிக்கிற காற்றைச் சுவாசிக்க முடியாது. அத்தனை அழுத்தத்தில் அதிலுள்ள நைட்ரஜன் கள் குடித்ததுபோலத் தலைக்கேறிவிடும். அதனால் ஹீலியத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்து கொடுப்பார்கள். ஹீலியம் உடம்பை ஒன்றும் செய்யாது, குரலைத்தான் கெடுக்கும். ஆறடி ஆள்கூட அணில் கத்துவதுபோலக் கீச்சிடுவான். தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலடியில் இருந்த முத்தாழம் நிலையத்திலிருந்து கரைக்கு வந்த பேச்சு முழுவதும் அப்படித்தான் வந்தது. அதை முடிந்தமட்டும் மனிதக் குரலாக்கித் தருவது காந்திமதியின் வேலை.

பாளையங்கோட்டைக்காரி. வானொலி நிலையமொன்றில் நெடுநாள் ஒலிப்பொறியாளராக இருந்துவிட்டு, கடலடிச் சுரங்க வேலை எடுத்திருந்த இந்த நிறுவனத்துக்கு வந்தவள். அங்கே ஒலிபரப்பில் பழகிய ஒரு மின்சுற்றைத்தான் இங்கேயும் கொண்டுவந்து வைத்திருந்தாள். அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் அதை மழுக்கி என்றார்கள்.

கித்தேரியான் அதைப்பற்றிக் கேட்டது தன் மகளின் ஞானஸ்நானத்துக்கு மறுநாள். முத்தாழத்தில் ஒரு மாதம், கரையில் ஒரு மாதம் என்று போய்வந்துகொண்டிருந்த ஆழ்கடல் பணியாள் அவன். அடுத்த முறை இறங்குவதற்கு முன்னால், ஒரு டப்பா மக்ரூனோடு காந்திமதியின் அறைக்கு வந்தான். எல்லோருக்கும் கொடுத்து முடித்தபிறகும் போகாமல் நின்றான்.

“யக்கா, ஒரு உதவி. கீழ இருந்து நான் போன்ல பேசினா புள்ள வீல்னு அழுவுதாளாம். என் வீட்டுக்காரி மெற்றில்டா சொல்லுதா. என் குரல மட்டும் கொஞ்சம் மெத்துனு ஆக்க முடியுமா?”

குரலைத் தாழ்த்தும் கருவி இருக்கிறதே என்றாள் காந்திமதி. அது தாழ்த்தினாலும் கூர்மை போகவில்லை என்றான் அவன். அது உண்மைதான். சிரித்துக்கொண்டே அவனை உட்காரச் சொல்லி, கூர்மை ஏன் தேவைப்படுகிறது என்று விளக்கினாள்.

“பேச்சில சானா, டானா, கானா எல்லாம் மெலிஞ்ச சத்தம் தம்பி. உயிரெழுத்துக்குத்தான் உடம்பு உண்டு. அவ்வளவு நீளக் கேபிள்ல வரும்போது மெலிஞ்சதெல்லாம் இரைச்சல்ல கரைஞ்சு போயிரும். அதனால கீழயே கூர்மைய மட்டும் தூக்கி அனுப்புதோம். ஆனா தூக்கினா ஒரு தொல்லை இருக்கு. நீங்க ஒரு விசில் அடிச்சாலும் கேபிள் தாங்குத அளவ மீறிரும். அப்ப மொத்தச் சத்தத்தையும் குறைச்சா பேச்சே அமுங்கிப் போகும்லா? அதுக்குத்தான் மழுக்கி. கூர்மை எல்லைய மீறுதான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருக்கும். மீறினா அந்தக் கூர்மைய மட்டும் கண்ணிமைக்கதுக்குள்ள அமுக்கும். அடங்கினதும் மெதுவா விட்டுரும்.”

கித்தேரியான் கவனமாகக் கேட்டான். கருவிகளோடு புழங்குகிறவன், விஷயம் சட்டென்று பிடிபட்டது. “அப்ப அந்த எல்லைய இறக்கி வச்சா?”

“எப்பவும் அமுக்கிக்கிட்டே இருக்கும். குரல் மெத்துனு வரும். எழுத்து குழையும்.”

“குழையட்டும்க்கா. அவளுக்கு எழுத்தா தெரியப்போவுது?”

வேலைப் பேச்சும் வீட்டுப் பேச்சும் ஒரே ஒலிவாங்கி வழியாகத்தான் வரும் என்பதை காந்திமதி யோசிக்காமல் இல்லை. பேசிப் பார்க்கச் சொல்லிச் சோதித்தாள். அமைதியான அறையில் அவன் சொன்னது நன்றாகவே புரிந்தது. பிள்ளை கொஞ்சம் வளர்ந்து பழகட்டும், பிறகு பழையபடி வைத்துக்கொள்ளலாம் என்று எல்லையை இறக்கி வைத்தாள்.

முதல் வாரத்திலேயே கீழிருந்து நன்றி வந்தது. மெற்றில்டாவுக்கு ரொம்பத் திருப்தி என்றான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பிள்ளையோடு பேசுவதும், ஏதாவது முனகிப் பாடுவதும் கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் பழகிப்போனது.

அந்த அறையில் பகல் பணியில் இருந்தவர் பால்வண்ணன். பொழுதெல்லாம் காதில் ஹெட்போனோடு கீச்சுக் குரல்களைக் கேட்டு, வீட்டுக்குப் போனாலும் காதுக்குள் வண்டு கத்துகிறது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவர். கித்தேரியானின் குரல் மட்டும் பஞ்சுபோல வருவதைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் அப்படியே வைத்துவிடச் சொன்னார். காந்திமதி தயங்கினாள். அவர் மேலே எழுதிப்போட்டார். பணியாளரின் காது நலனைக் காக்கும் நல்ல ஏற்பாடு என்று பாராட்டி, தன் எல்லாக் கடலடி நிலையங்களிலும் மழுக்கியின் எல்லையை இறக்கச் சொல்லி நிறுவனம் ஆணை அனுப்பியது. அவள் மறுத்துப் பேசவில்லை. பாராட்டில் அவள் பெயரும் இருந்தது.

அது நடந்த நாளும் ஒரு மதியம்தான்.

இரவுப் பணி முடித்த மூன்று பேர், தங்கும் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கித்தேரியான் பக்கத்திலிருந்த குழாய் அறைக்குத் தனியாகப் போனான். அங்கே ஆக்சிஜன் அளவைக் காட்டும் உணரியை மாற்ற வேண்டியிருந்தது. பழையதைக் கழற்றியதும் கரையில் அந்த அறைக்கான திரை இருண்டது. இருளும் என்று பால்வண்ணனுக்கு முன்பே தெரியும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹெட்போனில் கித்தேரியானின் குரல் வந்தது. முதலில் தாழ்வாக ஏதோ முணுமுணுப்பு. பிறகு நீட்டி நீட்டி, ஏறி இறங்கி, ஒரு தாலாட்டைப்போல.

ஒரு தகப்பன் பிள்ளைக்குப் பாடுவதை ஒட்டுக்கேட்பது முறையல்ல என்று பால்வண்ணன் ஒலியைக் குறைத்துவைத்தார். மறுபடி கூட்டியபோது சத்தமில்லை. வேலையை முடித்துவிட்டுப் படுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். மூவரும் எழுந்து, கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, கித்தேரியான் கதவை ஒட்டிச் சுருண்டு கிடந்தான்.

ஹீலியம் மட்டும் போகும் குழாயில் ஒரு இணைப்பு வெடித்திருந்தது. அறை முழுக்க ஹீலியம் நிறைந்து, மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் போயிருந்தது. சுவரில் மாட்டியிருந்த அவசர முகமூடியின் கலவைக்கும் ஹீலியம் அந்தக் குழாயிலிருந்தே வந்ததால், அதுவும் நின்றுபோயிருந்தது. குழாயை அடைக்கும் வால்வு கரையிலிருந்து இயக்குவது. ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் நின்றிருக்கும். அவன் ஏன் கூப்பிடவில்லை என்பதுதான் கேள்வி. ஆபத்தை உணராமல் வீட்டாரோடு பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்ததால் நேர்ந்த கவனக்குறைவு என்று நிறுவனம் சொன்னது.

உடலை மேலே கொண்டுவருவது எளிதாக இருந்தது. உயிரோடிருந்த மூவரைத்தான் உடனே கொண்டுவர முடியவில்லை. அழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்து வெளியே விட நாட்கள் பிடிக்கும். கித்தேரியானை அடக்கம் செய்த அன்று அவர்கள் துறைமுகத்தில் ஒரு இரும்பு அறைக்குள் அடைபட்டிருந்தார்கள். கோயில் மணி அவர்களுக்குக் கேட்கவே இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு காந்திமதி மெற்றில்டாவின் வீட்டுக்குப் போனாள். மீன்பிடித் துறைக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை. மெற்றில்டாவுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. குழந்தை ரீத்தாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கதவைத் திறந்தாள். அழுது ஓய்ந்த முகம். பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிட்டது, ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லி, போனை எடுத்துத் தொட்டிலின் தலைமாட்டில் வைத்தாள்.

அதிலிருந்து கித்தேரியானின் குரல் வந்தது. கடைசியாக அவன் பாடியது. நிறுவனத்தார் ஆறுதலுக்காகக் கொடுத்த பதிவு.

“இதப் போட்டாத்தான் தூங்குதா. கடைசி நேரத்திலயும் அவியளுக்குப் பயம் எதுவும் இருக்கலக்கா. புள்ள நெனப்பாவே போயிருக்காவ.” பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, “அன்னிக்கு லைன்தான் கிடைக்கல. கிடைச்சிருந்தா நானும் கேட்டிருப்பேன்” என்றாள்.

காந்திமதி கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டாள். ஆறுதல் சொல்ல வந்தவளாகத்தான் கேட்கத் தொடங்கினாள். ஆனால் ஆயுசில் பாதியைச் சத்தத்தோடு கழித்தவள். காது தானாகவே வேலை செய்தது. குரல் நிற்கிற இடங்களில் மழுக்கி தன் பிடியை விட்டுவிட வேண்டும். அப்போது அறையின் மற்றச் சத்தங்கள், மின்விசிறி, பம்பு, எல்லாம் மெல்லத் தலைகாட்ட வேண்டும். இந்தப் பதிவில் அவன் மூச்சு வாங்கிய ஒவ்வொரு இடமும் செத்துக்கிடந்தது. அப்படியென்றால் அவன் பேசாதபோதும் அந்த அறையில் ஏதோ ஒரு கூர்மையான சத்தம் விடாமல் இருந்திருக்கிறது. மழுக்கி அதை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அதோடு சேர்த்து அவன் எழுத்துகளையும்.

காபி போட எழுந்த மெற்றில்டாவிடம் ஏதோ வேலை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மழுக்கி ஒவ்வொரு கணமும் எவ்வளவு அமுக்குகிறது என்பதும் கேபிளில் ஒரு தனிக்கோடாக வந்து பதிவாகும். கருவி பழுதானால் பார்ப்பதற்காக அவளே வைத்த வசதி. அமுக்கிய அளவு தெரிந்தால், அதே அளவு தூக்கிவிட்டு, தொலைந்ததை ஓரளவு மீட்கலாம். காந்திமதி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்தாள். கேபிளின் இரைச்சலும் கூடவே எழுந்தது. குழாய் சீறும் சத்தம் எழுந்தது. அதற்கு நடுவே குரல். அதைத் தாழ்த்திப் பார்த்தாள், சொற்கள் குழைந்தன. கீச்சுக் குரலாகவே விட்டபோதுதான் எழுத்துகள் பிரிந்து நின்றன.

“பால்வண்ணன் சார், நாலாம் குழாய் வெடிச்சிருச்சு. மேல வால்வ அடைங்க.”

இதையே பலமுறை சொன்னான். பதற்றமில்லாமல், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி. பிறகு, கேக்குதா சார் என்றான். கதவைத் திறக்க மாட்டேன், உள்ளே மூன்று பேர் தூங்குகிறார்கள், திறந்தால் அங்கேயும் நிறைந்துவிடும் என்றான். பதில் வராமல் சற்று நேரம் சும்மா இருந்தான். அதன் பிறகு அவன் பேச்சு மாறியது.

“வாஆஆல்வ... அடைஈஈங்க... வாஆஆல்வ...”

காந்திமதிக்கு முதலில் புரியவில்லை. மறுபடி ஓட்டிக் கேட்டபோதுதான் புரிந்தது. மெலிந்த எழுத்துகள் மேலே போய்ச் சேரவில்லை என்று அவன் கண்டுகொண்டிருக்கிறான். உடம்புள்ளது உயிரெழுத்து மட்டும்தான் என்று அவள் சொன்னதை நம்பி, மூச்சு இருந்தமட்டும் உயிரெழுத்துகளை நீட்டி நீட்டி அனுப்பியிருக்கிறான். எது போய்ச் சேருமோ அதை அனுப்பினான். அதுதான் கரைக்குத் தாலாட்டாக வந்து சேர்ந்தது.

மறுநாள் அதை முதலில் பால்வண்ணனிடம் கொடுத்தாள். அவர் முழுவதையும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “நான் குறைச்சு வச்சேம்மா” என்றார்.

மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கெட்டவர் அல்ல. எல்லையைச் சத்தமில்லாமல் பழையபடி வைத்துவிடலாம், அடுத்த ஆய்வின்போது எல்லா நிலையங்களிலும் மாற்றிவிடலாம் என்றார். அதற்குள் ஒரு புதுக்குழு கீழே இறங்கிவிடுமே என்றாள் காந்திமதி. அவர், “அந்தப் பொண்ணுக்கு இருக்கிறது அந்த ஒரு பாட்டுத்தான். அதையும் புடுங்கணுமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அவள் மறுபடியும் அந்த மாடிப்படி ஏறினாள். திரும்பிப் போய்விடலாமா என்று பாதிப் படியில் நின்றாள். இந்தச் சாவை விசாரிக்க அரசு ஒரு குழுவை அமைத்திருந்தது. அங்கே நேரே போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் யாரோ நாலு பேர் முன்னிலையில் இதை மெற்றில்டா முதல்முதலாகக் கேட்கக் கூடாது.

தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அது தாலாட்டு இல்லை என்று காந்திமதி சொன்னாள். என்ன என்பதையும் சொன்னாள். கதவைத் திறக்காமல் இருந்ததை, மூவர் பிழைத்ததை, உயிரெழுத்தை நீட்டியதை, எல்லாவற்றையும். முடிந்ததும் மெற்றில்டா, மழுக்கியின் எல்லையை யார் இறக்கியது என்று கேட்டாள்.

“நான்தான்.”

“எதுக்கு?”

காந்திமதியால் பொய் சொல்ல முடியவில்லை. “அவர் குரலக் கேட்டுப் புள்ள அழுவுதுன்னு கேட்டாரு. அதான்.”

மெற்றில்டா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே அடுப்பு எரியவில்லை, பாத்திரமும் இல்லை. அப்படியே நின்றாள். அவள் தன்னை வெறுக்கிறாள் என்று காந்திமதி நினைத்தாள். அது நியாயம் என்றும் நினைத்தாள். கிளம்ப எழுந்தபோது, “விசாரணைக்கு நானும் வாறேன்” என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

விசாரணை நடந்த கூடத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒரு அம்மாள் தலைமை வகித்தார். நிறுவனத்தின் வழக்கறிஞர் இருந்தார், மேலாளர் இருந்தார், பால்வண்ணன் கடைசி வரிசையில் இருந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மெற்றில்டா ரீத்தாவை மடியில் வைத்திருந்தாள். காந்திமதி மழுக்கியைப்பற்றி எளிமையாக விளக்கிவிட்டு, மீட்ட பதிவை ஒலிக்கவிட்டாள். குரல் வினோதமாக இருக்கும், ஆனால் சொற்கள் தெளிவாக இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னாள்.

சீறலும் கீச்சுக் குரலும் கூடத்தை நிறைத்தன. வால்வை அடைங்க. கேக்குதா சார். உள்ள மூணு பேர் தூங்குதாவ. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். வழக்கறிஞர் எழுதுவதை நிறுத்தினார்.

அப்போது குழந்தை சிரித்தது.

முதலில் கிளுக்கென்று ஒரு சிரிப்பு. பிறகு தாயின் மடியில் எம்பி எம்பி, ஒலிபெருக்கி இருந்த பக்கம் இரண்டு கையையும் நீட்டி, தெரிந்த ஆளைக் கண்ட குதூகலத்தோடு விடாமல் சிரித்தது. அப்பனின் குரல் கூடக் கூட அதன் சிரிப்பும் கூடியது. யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நீதிபதி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். குரல் நின்றதும் பிள்ளை திகைத்து, சுற்றுமுற்றும் பார்த்து, உதட்டைப் பிதுக்கியது.

காந்திமதி மெற்றில்டாவைப் பார்த்தாள். மெற்றில்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

வழக்கறிஞர் எழுந்தார். அந்த எல்லையை முதன்முதலில் ஏன் இறக்கினீர்கள், இறந்தவர் கேட்டுக்கொண்டாரா என்றார். எதற்காகக் கேட்கிறார் என்பது காந்திமதிக்குத் தெரிந்தது. ஆமென்றால் சாவை அவனே கேட்டு வாங்கினான் என்றாகும். அதற்கடுத்த கேள்வி, பிள்ளை அழுகிறது என்று அவனிடம் சொன்னது யார் என்பது.

“யாரும் கேக்கல. என்னோட முடிவு” என்றாள்.

அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டார்கள். எல்லா நிலையங்களிலும் எல்லையை உடனே உயர்த்தவும், மழுக்கி தொடாத குரல் தனி ஒலிபெருக்கியில் எப்போதும் கேட்கவும் உத்தரவானது. கித்தேரியான்மேல் இருந்த பழி நீங்கியது. காந்திமதி இனிமேல் உயிர்காப்புக் கருவிகள் எதிலும் கைவைக்கக் கூடாது என்பதும் அந்த உத்தரவிலேயே இருந்தது. அவளுக்கு அதில் வருத்தமில்லை.

வெளியே வந்து பேருந்துக்காக நின்றார்கள். நல்ல வெயில். குழந்தை தூங்கியும் தூங்காமலும் கிடந்தது. மெற்றில்டா காந்திமதியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி பேசினாள்.

“அவ ஒருநாளும் அழுததில்லக்கா. அவிய கீச்சுக் குரலக் கேட்டா இப்படித்தான் சிரிப்பா. எனக்குத்தான் தாங்கல. கல்யாணமாகிப் பாதி நாளு அந்தக் குரல்தான். யாரோ பேசுத மாதிரி இருக்கும். அவிய சொந்தக் குரல் எப்படி இருக்கும்னே மறந்து போயிரும்போலப் பயந்துட்டேன். அதச் சொன்னா மனசு கஷ்டப்படுவாவன்னு, புள்ள அழுவுதான்னு சொல்லிட்டேன்.”

காந்திமதி கையை நீட்டிப் பிள்ளையை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கை காலியானதும்தான் மெற்றில்டா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பிறகு அதையும் எடுத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பேருந்து வந்தது. அடுத்ததும் வந்தது. அவள் அழுது முடிக்கும்வரை, பிள்ளையைத் தட்டிக்கொண்டே, காந்திமதி எல்லாவற்றையும் போகவிட்டாள்.